உப்புத் தண்ணியும் நல்ல தண்ணியும்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "துணி கம்பெனி" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவது என் வழக்கம். அது பொய்யில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் நாங்கள் செய்வது துணிதான். ஆனால் தறி கிடையாது, நூல் கிடையாது. பிளாஸ்டிக் குருணையை உருக்கி, கண்ணுக்குத் தெரியாத இழையாக இழுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவிட்டு, சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே அமுக்கி எடுத்தால் அது துணி. அதற்கு நடுவில் பஞ்சையும் ஈரத்தை உறிஞ்சும் பொடியையும் வைத்தால் குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் டயாபர், பெண்களுக்கு நாப்கின். இவ்வளவையும் லிஃப்டில் நின்று விளக்க முடியுமா? நூம்பலில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் மேல் வீட்டு அக்கா, "துணி" என்ற வார்த்தையோடு காதை மூடிக்கொண்டவர். தீபாவளிக்குத் தீபாவளி, அடக்க விலைக்குப் பட்டுப்புடவை கிடைக்குமா என்று கேட்பார். "இந்த வருஷம் பட்டு போடலைக்கா" என்பேன். அடுத்த வருஷம் மறுபடி நம்பிக்கையோடு வருவார்.

எங்கள் முதலாளி ஏதோ ஒரு விழாவுக்குப் போய்விட்டு வந்து, கம்பெனியில் இனி எல்லாப் பெயரும் தமிழில்தான் இருக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார். நல்ல எண்ணம்தான், யாரும் மறுக்கவில்லை. வாசல் பலகையில் "நெய்யாத் துணி" என்று பெரிதாக எழுதி மாட்டினார்கள். நெய்யாமலே செய்கிற துணி என்று அர்த்தம். மறு வாரமே பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் தூக்குவாளியோடு வந்து, பசு நெய்யா எருமை நெய்யா என்று செக்யூரிட்டியிடம் கேட்டிருக்கிறார்கள்.

அவர் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பேர்லயே பதில் கீதேம்மா. நெய்யான்னு கேட்டா துணின்னு போட்டுக்கீது பாரு" என்றாராம்.

வாசலோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். தமிழ் நான் வேலை பார்க்கும் லேபுக்குள்ளும் வந்தது. டயாபர் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க நாங்கள் நிஜமான சிறுநீரைப் பயன்படுத்துவதில்லை. சுத்தமான தண்ணீரில் உப்பை அளந்து கரைத்து ஒரு டிரம்மில் வைத்திருப்போம். அதை ஊற்றித்தான் சோதனை. அந்த டிரம்மில் "உப்புத் தண்ணீர்" என்று அழகாக எழுதி ஒட்டினார்கள். பொருத்தமான பெயர் என்று நானே பாராட்டினேன்.

இந்த நேரத்தில்தான் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் அம்மாவும் தங்கையும் இருக்கும் வீடு நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பின்னால். சர்வீஸ் முழுக்க நெரிசலில் நின்றபடி, "உள்ள போ, உள்ள போ" என்று கத்தியே தொண்டையை வளர்த்தவர். வேலை நேரத்தில் ஒதுங்க இடம் கிடைக்காது. ட்ரிப் முடியும்வரை அடக்கிக்கொள்வார். அதில் அவருக்கு ஒரு கர்வம்கூட உண்டு. "டிரைவர் ரெண்டு தபா எறங்குவான், நான் அசைய மாட்டேன்" என்று விருந்தாளிகளிடம் சொல்லுவார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அப்படிப்பட்டவருக்குப் புராஸ்டேட்டில் ஆபரேஷன் ஆனது. கட்டி போனது, கூடவே கட்டுப்பாடும் போனது. போகப் போகச் சரியாகும், பயிற்சி செய்யுங்கள் என்றார் டாக்டர். போகப் போக என்பது மட்டும் நடந்தது.

தண்ணீர் சத்தம்தான் அவருக்கு எமன். சமையலறையில் குழாயைத் திறந்தால் போதும், ஹாலில் உட்கார்ந்திருப்பவர் துண்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. குழாயைத் தொடுவதற்கு முன்னால் அம்மா, "தண்ணி தொறக்கறேன்யா!" என்று குரல் கொடுப்பாள். நைனா எழுந்து தயாரானதும், "ம், தொற" என்பார். அதற்குப் பிறகுதான் பாத்திரம் கழுவும் வேலை. வீட்டுக்கு வந்த புதுமனிதர்கள் இதை ஏதோ பக்தி சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டு எழுந்து நின்றிருக்கிறார்கள்.

கல்யாண வேலையில் நைனா உற்சாகமாகத்தான் இருந்தார். மண்டபம், மேளம், சாப்பாடு எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்தார். ஒருநாள் அம்மா சடங்குகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, தாரை வார்த்தல் என்றதும் அவர் முகம் சுருங்கிப்போனது. அப்பா தன் மகளின் கையை மாப்பிள்ளை கையில் வைக்க, அதன்மேல் அம்மா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவாள். பெண்ணைக் கொடுப்பது அந்த நீர்த்தாரையில்தான். யோசித்துப் பாருங்கள், இந்த உலகத்தில் எத்தனையோ சடங்கு இருக்க, அவருக்கு என்று வந்து வாய்த்தது இது.

"மேடையில ஏத்தி ஒக்கார வெச்சு, அத்தினி பேரு பாக்க, என் கைமேலயே தண்ணி ஊத்துவீங்க. நான் இன்னாத்துக்கு ஆவறது?" என்றார். "என் தம்பியும் அவன் பொண்டாட்டியும் ஒக்காரட்டும். நான் பந்தியைப் பாத்துக்கறேன்."

என் தங்கை ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவள். ஃபோனில் பேசினால் எந்த ஊர் என்றே தெரியாத சுத்தமான பேச்சு. அன்றைக்கு அது எங்கே போயிற்றோ தெரியவில்லை. "நைனா ஒக்காரலைன்னா எனக்குக் கண்ணாலமே வாணாம், சொல்ட்டேன்!" என்று கதவை அறைந்து சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் அழுவது வெளியே கேட்டது. நைனா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

எனக்கு யார்மேல் என்று தெரியாமல் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்கெல்லாம் ஈரத்தை உறிஞ்சத் துணி செய்கிறவள் நான். என் வீட்டு மனிதர் ஒரு செம்புத் தண்ணீருக்குப் பயந்து சொந்த மகளின் கல்யாணத்தில் சாம்பார் வாளிக்குப் பின்னால் ஒளியப் போகிறார். பிறகு என் படிப்பு எதற்கு?

"டயாபர் கட்டிக்கோ நைனா, வெளிய தெரியாது" என்றேன்.

"கட்டிப் பாத்தேம்மா. நடந்தா மிக்சர் பாக்கெட்டைக் கசக்கற மாதிரி சத்தம் வர்து. தெரு நாய் திரும்பிப் பாக்குது."

அவர் சொன்னது நியாயம். கடையில் வாங்கியதில் வெளிப்புறம் வெறும் பிளாஸ்டிக் தாள்; நடக்கும்போது சரசரக்கும். நாங்கள் அப்போது செய்துகொண்டிருந்த புது டயாபரில் அந்தத் தாளின்மேல் எங்கள் மெல்லிய துணியை ஒட்டியிருந்தோம். வேட்டிக்குள் சத்தம் போடாமல் இருக்க வேண்டும், தடிமனாகத் தெரியக்கூடாது, தாங்கவும் வேண்டும். இந்த மூன்றும் ஒரே பொருளில் சேர்வது மாமியார், மருமகள், நாத்தனார் மூவரும் ஒரே சமையலறையில் சேர்வது போன்றது. முதலாளியிடம் கேட்டேன். "வீட்டிலேயே ஆள் இருந்தால் நல்லதுதானேம்மா" என்று சாம்பிள் எடுத்துப்போக அனுமதி கொடுத்தார். நைனா எங்கள் கம்பெனியின் சோதனையாளர் ஆனார்.

சத்தத்தைச் சோதிக்க எஸ்டேட்டில் இடமில்லை; கம்ப்ரஸர் ஓடுகிற இடத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் நெமிலிச்சேரி வீட்டில் ஃபேனை நிறுத்தி, டிவியை நிறுத்தி, அம்மாவைக் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார வைத்தோம். நைனா புது சாம்பிளைக் கட்டிக்கொண்டு அவளைச் சுற்றி நடந்தார்.

"கேக்குது" என்றாள் அம்மா. "கடக் கடக்னு."

"அது என் முட்டிடி!"

எலக்ட்ரிக் ட்ரெயின் ஒன்று கடந்து போகும்வரை காத்திருந்து மறுபடி நடந்தார். முட்டியைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் பல நாள் கழித்து அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

அடுத்தது தாங்கும் சோதனை. என்ன ஆயிற்று என்று ஃபோனில் சொல்ல அவருக்குக் கூச்சம். சம்பந்தி வீட்டார் அடிக்கடி வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவரே கண்டக்டர் பாஷையில் ஒரு வழி கண்டுபிடித்தார். நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி அவர் சர்வீஸ் முழுக்கக் கத்திய வார்த்தை "ஹோல்டான்". டயாபர் தாங்கிவிட்டால் ஃபோனில் அதைத்தான் சொல்வார். மீட்டிங்கில் இருக்கும்போது என் ஃபோனிலிருந்து "ஹோல்டான்!" என்று ஒரு கத்தல் கேட்கும். நான் தலையாட்டிவிட்டு வைத்துவிடுவேன். லேபிலும் அந்த வார்த்தை பரவி, சோதனையில் தேறிய சாம்பிளை எல்லோரும் "இது ஹோல்டான் மேடம்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

பிறகு ஒரு வாரம் லேபில் அதிசயம் நடந்தது. எந்த சாம்பிளில் ஊற்றினாலும் குடித்துக்கொண்டே இருந்தது. எங்கள் பொடி ஒரேயடியாகத் தேறிவிட்டது என்று முதலாளி இனிப்பு வாங்கிக் கொடுத்தார். இவ்வளவு குடிக்கிறது என்றால் பொடியைக் குறைத்து இன்னும் மெலிதாக்கலாமே என்றார். குறைத்தோம். கைக்குட்டை மாதிரி ஒரு டயாபர் வந்தது. பெருமையோடு அதைக் கொண்டுபோய் நைனாவிடம் கொடுத்தேன்.

மறுநாள் அதைக் கட்டிக்கொண்டு, ஆவடி பஸ் ஸ்டாண்டில் பழைய கூட்டாளிகளுக்குப் பத்திரிகை வைக்கக் கிளம்பினார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் தனியாக வெளியே போனது அன்றுதான். டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். மறுத்தால் மரியாதையாக இருக்காது என்று குடித்திருக்கிறார். பக்கத்துக் கடையில் டம்ளர் கழுவியிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

ஃபோன் வந்தபோது "ஹோல்டான்" வரவில்லை. "பாப்பா, ஒரு வேட்டி எடுத்துக்கினு வா" என்று மட்டும் சொன்னார்.

நான் ஆட்டோவில் போய் இறங்கியபோது அவர் சிமெண்டு பெஞ்சில் மடியில் பத்திரிகைக் கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டாளிகள் வீட்டுக்கு அனுப்பிவைக்கப் பார்த்திருக்கிறார்கள். "வேற வண்டி வரட்டும்பா" என்று ஒவ்வொரு பஸ்ஸாக விட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கடைசியாக ஒரு காலி வண்டி வந்து நிற்க, "இதுல கூட்டம் ஜாஸ்தி" என்றாராம். அவர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. ஆட்டோவில் திரும்பும் வழியெல்லாம் அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டு வாசலில் இறங்கும்போது, "தம்பியாண்டயே சொல்லிட்றேன். அவன் ஒக்காரட்டும்" என்றார். அவரைத் தலைகுனிய வைத்தது என் கையால் செய்த பொருள்.

மறுநாள் லேபுக்குள் ருத்திரகாளியாக நுழைந்தேன். அதே சாம்பிளில் டிரம்மிலிருந்து ஊற்றினேன், குடித்தது. நானே புதிதாக உப்பை அளந்து கரைத்து இன்னொன்றில் ஊற்றினேன்; பாதியிலேயே கக்கிவிட்டது. ஆக, கோளாறு டிரம்மில். யார் நிரப்பியது என்று கேட்டேன்.

"நான்தான் மேடம்" என்றார் லேப் உதவியாளர். பூந்தமல்லிக்காரர், அந்த மாதம்தான் பேக்கிங்கிலிருந்து எங்களிடம் மாறி வந்திருந்தார். "டிரம்மு காலியா இருந்துச்சு. டிரம்மு மேல உப்புத் தண்ணின்னு எழுதிக்கீது. அதோ, அந்தக் குழாய் மேலயும் உப்புத் தண்ணின்னு எழுதிக்கீது. புடிச்சு ரொப்பிட்டேன்."

அவர் கை காட்டிய இடத்தில் தொட்டிக்குமேல் இரண்டு குழாய்கள். ஒன்றில் "நல்ல தண்ணீர்", இன்னொன்றில் "உப்புத் தண்ணீர்". இரண்டையும் அதே முதலாளி, அதே அழகான எழுத்தில் ஒட்டவைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் உப்புத் தண்ணி என்றால் ஆழ்துளைக் கிணற்றுப் போர் தண்ணீர், நல்ல தண்ணி என்றால் குடிக்கிற தண்ணீர். பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். அந்த மனிதரை எப்படித் திட்டுவது? நான் அவர் இடத்தில் இருந்தால் நானும் அதே குழாயைத்தான் திறந்திருப்பேன்.

எங்கள் பொடிக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீரில் உப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு அதிகமாகக் குடித்து ஊதும். போர் தண்ணீரில் தலைமுடி போகிறது, குழாய் அடைக்கிறது என்று நாம் ஆயிரம் புகார் சொன்னாலும், மனித உடம்பிலிருந்து வரும் உப்புக்கு முன்னால் அது ரோஸ் மில்க். ஒரு வாரமாக எங்கள் பொடிக்கு நாங்கள் ரோஸ் மில்க் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறோம். முதலாளி விஷயத்தைக் கேட்டதும் தானே வந்து டிரம்மில் இருந்ததைக் கிழித்துவிட்டு, "செயற்கைச் சிறுநீர்" என்று புதிதாக எழுதி ஒட்டினார். அதற்குப் பிறகு அந்த டிரம் பக்கத்தில் யாரும் டீ டம்ளரைக்கூட வைப்பதில்லை.

பொடியைச் சரியான அளவுக்கு ஏற்றி, ஒழுங்கான உப்புத் தண்ணீரில் திரும்பத் திரும்பச் சோதித்து, கொஞ்சம் தடிமன் கூடினாலும் பரவாயில்லை என்று புது சாம்பிள்கள் செய்தேன். நெமிலிச்சேரிக்கு எடுத்துப்போய், குழாய் கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நைனா சிரிக்கவில்லை.

"அங்க வெய்யி" என்றார், பீரோவைக் காட்டி.

வைத்தேன். போகும்போதெல்லாம் பார்த்தேன். பீரோமேல் வைத்தது வைத்தபடி இருந்தது.

கல்யாணம் பூந்தமல்லியில் ஒரு மண்டபத்தில். காலையில் நான் மணப்பெண்ணைப் பார்ப்பதா, மேளக்காரர்களுக்கு டிபன் போயிற்றா என்று பார்ப்பதா, நைனாவின் இடுப்பைப் பார்ப்பதா என்று தெரியாமல் அலைந்தேன். அவர் அறையை விட்டுப் பட்டு வேட்டியும் வெறும் மேலில் அங்கவஸ்திரமுமாக வெளியே வந்தார். கட்டியிருக்கிறாரா இல்லையா? கேட்கத் தைரியம் இல்லை. என்னைக் கடந்து நடந்தார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். முட்டி மட்டும் கடகடத்தது. என் தொழிலின் விசித்திரத்தை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். நான் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் அவர் கட்டியிருப்பது எனக்கே தெரியாது.

"பொண்ணோட அப்பா, அம்மா வாங்கோ!" என்றார் ஐயர். சித்தப்பா, சொல்லி வைத்தபடி, அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு முதல் படியில் காலை வைத்தார். என் தங்கை மணையிலிருந்தே தலையைத் தூக்கிக் கூட்டத்தைத் துழாவினாள். மை கலைய ஆரம்பித்திருந்தது. நைனா பந்திப் பக்கம் இருந்த தூணுக்கு அருகில் நின்று அதைப் பார்த்தார். பிறகு நெரிசலுக்குள் புகுந்து, "உள்ள போ, உள்ள போ" என்று ஆட்களை விலக்கிக்கொண்டு நேராக மேடைக்கு ஏறினார். சித்தப்பாவின் தோளில் கையை வைத்து, "நீ பந்தியைப் பாரு தம்பி" என்றார்.

உட்கார்ந்தார். மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். மேளம் உச்சத்தில் இருந்தது. அம்மா செம்பைத் தூக்கினாள். மண்டபமே பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் என் அப்பாவின் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா செம்பைச் சாய்க்கப் போனவள், பழக்கம் விடுமா, வீட்டுக் குரலிலேயே கத்தினாள்.

"தண்ணி தொறக்கறேன்யா!"

மேளம் ஒரு கணம் தடுமாறியது. ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நைனா கண்ணை மூடிக்கொண்டார்.

"ம், தொற" என்றார்.

தண்ணீர் விழுந்தது. அம்மா பதற்றத்தில் செம்பு முழுவதையும் கவிழ்த்துவிட்டாள். கைகளில் வழிந்தது கொஞ்சம்தான். மீதி அவர் வயிற்றில் இறங்கி நேரே இடுப்புக்குள் போனது. மண்டபத்தில் கேன் வாங்கி வைத்திருந்த நல்ல தண்ணீர். உப்பே இல்லாதது. கட்டியிருக்கிறாரா என்ற கேள்விக்கு அப்போதுதான் பதில் கிடைத்தது. என் கண் முன்னாலேயே நைனாவின் வேட்டி முன்பக்கம் மெதுவாக, கம்பீரமாக, ஊத ஆரம்பித்தது.

மாப்பிள்ளை தாலி கட்டி முடித்து, நைனா எழுந்தபோது தொப்பைக்குக் கீழே இன்னொரு தொப்பை இருந்தது. பழைய கூட்டாளி ஒருவர் முன்வரிசையிலிருந்து, "அண்ணாத்தே, ரிட்டயர் ஆயும் கண்டக்டர் பையைக் கயட்டலியா?" என்று கத்தினார். மண்டபம் சிரித்தது. நைனாவும் அந்தப் பையைத் தட்டிக்காட்டிச் சிரித்தார். கீழே ஒரு சொட்டு விழவில்லை. அத்தனை புகைப்படங்களிலும் அந்தப் பையோடுதான் நிற்கிறார்.

சாப்பாடெல்லாம் முடிந்து தங்கை மாப்பிள்ளையோடு காரில் ஏறினாள். அவள் நைனாவின் கையை விடவில்லை. அவர்தான் விரல் விரலாகப் பிரித்து எடுத்து, கதவைச் சாத்தினார். என் பக்கம் திரும்பியபோது கன்னத்தில் தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது. துடைக்கத் துடைக்க வந்தது.

"கீய எல்லாம் ஹோல்டான் பாப்பா" என்றார். "மேலதான் நிக்க மாட்டேங்குது. இதுக்கு எதுனா கண்டுபுடிச்சுக்கீறியா?"

"இன்னும் இல்ல நைனா" என்றேன். எனக்கும் நிற்கவில்லை.

அவர் தலையாட்டிவிட்டு, காரின் பின்பக்கத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"போலாம், ரைட்!"